அரண்மனை இல்லாத அரண்மனைக்காரத் தெரு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்னையின் பழைய தெருக்களைப் பற்றி நீங்கள் எழுதியதை நம்பி, போன ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுனுக்குப் போனேன். வால்டாக்ஸ் (சுவர் வரி) சாலை முழுக்க நடந்தேன், சுவர் இல்லை. அரண்மனைக்காரத் தெருவில் அரண்மனை இல்லை. ஆங்கிலத்தில் அது ஆர்மீனியன் தெருவாம். இந்தப் பிழையையாவது திருத்தக் கூடாதா? நான் மதுரைக்காரன். நாயக்கர் மகாலில் கட்டிப்பிடிக்கக் கை எட்டாத தூண்களைப் பார்த்து வளர்ந்தவன். பாரிமுனையில் பழையது என்று எதைப் பார்ப்பது?

கே.

அன்புள்ள கே.,

பாரிமுனையிலும் ஒரு தூண் இருக்கிறது. மகால் தூணுக்கு முன்னால் அது சுண்டுவிரல்தான். அதன் அருகிலேயே பல வருடங்கள் பஸ்ஸுக்குக் காத்து நின்றும் நான் கண்டதில்லை. உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். 1749இல் அது மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த, இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் எதிரிக்கு மறைவிடமாகிவிடும் என்று கொஞ்சம் கொஞ்சமாக இடித்துத் தள்ளப்பட்டது. அந்த வெற்றிடத்தில்தான் இன்றைய உயர் நீதிமன்றம் நிற்கிறது. இனி யாரும் கோட்டையை நெருங்கி வீடு கட்டக் கூடாது என்று 1773இல் ஆறு எல்லைத் தூண்களை நட்டார்கள். மிஞ்சிய ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸ் கட்டட ஓரத்தில் இருக்கிறது. ஒரு ஊர் காணாமல் போனதற்குச் சாட்சி அது. பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இன்னொரு சாட்சி உண்டு: யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேலின் சிறு மகன் டேவிட்டின் கல்லறை. அங்கிருந்த இடுகாடும் போய்விட்டது, அது தப்பியது.

சுவர் விஷயத்தில் நீங்கள் தேடிய இடம்தான் தவறு. ஹைதர் அலியின் படைகள் சென்னைவரை வந்துபோன கலக்கத்தில், புதிய கறுப்பர் நகரத்துக்கு (இன்றைய ஜார்ஜ் டவுன்) மதில் எழுப்பினார்கள். செலவை மக்கள் தலையில் வரியாகப் போட நினைத்தார்கள். அந்த வரி வசூலாகவே இல்லை. பெயர் மட்டும் சாலைக்கு ஒட்டிக்கொண்டது. மதிலின் மிச்சத்தைப் பார்க்க வடக்கே பழைய ஜெயில் சாலைக்குப் போங்கள். மேலே பூங்கா போட்டிருப்பதால் ‘மாடிப் பூங்கா’ என்பார்கள். மதில் என்று சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

இப்போது அரண்மனை. அங்கிருந்த ஆர்மீனிய நாட்டு வணிகர்களைச் சொல்லும் ‘ஆர்மீனியன்’ என்ற சொல் நம் ஊர்க் காதில் விழுந்து ‘அரண்மனைக்காரன்’ ஆகிவிட்டது. ராஜாவும் இல்லை, அரண்மனையும் இல்லை. அங்கே இருப்பது 1772இல் எழுந்த ஆர்மீனியத் தேவாலயம். தரையெங்கும் ஆர்மீனிய எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் வெளிவந்தது இந்தச் சென்னையில்தான். அதை அச்சிட்ட பாதிரியார் ஷ்மாவோனியன் இந்த வளாகத்திலேயே அடக்கமாகியிருக்கிறார்.

பெயரைத் திருத்த வேண்டும் என்கிறீர்கள். எனக்குச் சம்மதமில்லை. ‘ஆர்மீனியன் தெரு’ என்ற பலகை ஆர்மீனியர்கள் இருந்தார்கள் என்று மட்டும் சொல்லும். ‘அரண்மனைக்காரத் தெரு’ என்பதில் அவர்களை அன்றாடம் பார்த்த, அவர்கள் பெயரை வாய்க்கு வந்தபடி சொன்ன தமிழர்களும் இருக்கிறார்கள். மூட்டை தூக்கியவரும் தண்ணீர் கொண்டுவந்தவரும் வேறு எந்த ஆவணத்தில் இருக்கப் போகிறார்கள்? உச்சரிப்புப் பிழை ஒன்றுதான் அவர்கள் போட்ட கையெழுத்து. அதை அழிக்காதீர்கள்.

அடுத்த முறை வேலை நாளில் போங்கள். மூட்டைகளும் கைவண்டிகளும் தொந்தரவு என்றுதான் ஞாயிற்றுக்கிழமை போனீர்கள் போலும். வணிகத்துக்காக உண்டான தெருக்களில் அவை இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அப்படியே பவழக்காரத் தெருவுக்கும் போய்வாருங்கள். அந்தப் பெயரில் காதுப் பிழை எதுவும் இல்லை. யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவழத்தை இங்கே வரவழைத்து விற்றார்கள், இங்கிருந்து வைரம் அனுப்பினார்கள்.