வெயிலில் வைத்த கோலியஸ் ஏன் வெளுக்கிறது?

கேள்வி: நர்சரியில் சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறித்த கோலியஸ் செடிகளை வாங்கி வந்து, நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் தொட்டியில் வைத்தேன். பத்து நாளில் நிறம் வெளுத்து, இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. இது நிழல் செடியா?

பதில்: பழைய ரகங்கள் பலவும் நிழலை விரும்புபவைதான். ஆனால் வெயிலைத் தாங்குவதற்கென்றே உருவாக்கிய ரகங்கள் இப்போது நிறைய உண்டு. 'கலர்பிளேஸ்' வரிசை அப்படிப்பட்டது. அகன்ற இலை கொண்ட 'கோங்' வரிசையை உச்சி வெயிலில் வைத்தால் பிழைப்பது கஷ்டம். ரகத்தின் பெயர் தெரியாவிட்டால் இலையைப் பாருங்கள். தடித்த, அடர்சிவப்பு அல்லது கருஞ்சிவப்பு இலை பொதுவாக வெயிலைத் தாங்கும். மெல்லிய இலை, அதிலும் வெள்ளையும் வெளிர்மஞ்சளும் அதிகமுள்ளது, சீக்கிரம் கருகும்.

உங்கள் செடிக்கு வந்த சிக்கல் ரகத்தால் மட்டும் இருக்காது என்று நினைக்கிறேன். நர்சரியில் அது நிழல்வலைக்கு அடியில் வளர்ந்திருக்கும். அங்கே விட்ட இலைகளை நேராக முழு வெயிலில் வைத்தால் பச்சையம் சிதைந்து வெளுத்துப்போகும். கருகிய இலை இனித் தேறாது, கிள்ளி எறியுங்கள். செடியை நிழலுக்கு மாற்றி, புதுத் தளிர் வந்ததும் காலை வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். அப்புறம் ஒன்றிரண்டு வாரத்தில் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வெயிலிலேயே விட்ட இலை வெயிலைத் தாங்கும். மேற்கு வெயில் மட்டும் எந்த ரகத்துக்கும் கடுமைதான்.

ஒரே செடி நிழலில் ஒரு நிறமும் வெயிலில் வேறு நிறமும் காட்டும் என்பதையும் மறக்காதீர்கள். வெளிச்சம் கூடும்போது ஆந்தோசயனின் என்ற நிறமி பெருகி சிவப்பு ஏறும். நல்ல நிழலில் பச்சை மேலோங்கும். ஆகவே நிறம் மாறியதெல்லாம் நோய் இல்லை.

வெயிலில் தொட்டி சிறிதாக இருந்தால் மண் மதியத்துக்குள் காய்ந்துவிடும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வேரையே சுட்டுவிடும். பெரிய, வெளிர்நிறத் தொட்டியில் செம்மண், மட்கிய உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் கலந்து நிரப்பி, மேலே காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள். அடியில் துளை கட்டாயம். மதியத்தில் செடி துவண்டதும் தண்ணீர்க் குடத்தோடு ஓடாதீர்கள்! விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சாயங்காலம் தானே நிமிரும். ஈர மண்ணில் மேலும் ஊற்றினால் வேர் அழுகும்.

தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் செடி கொழுக்கும், நிறம் மங்கும். மண்புழு உரம் மாதம் ஒரு பிடி போதும்.

பூங்கதிர் தலைகாட்டினால் கிள்ளிவிடுங்கள். பூக்கவிட்டால் செடி நெட்டையாகி இலை சிறுத்துவிடும். நுனியையும் அவ்வப்போது கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்துப் புதர் போல் அடர்த்தியாகும்.

கிள்ளியதை எறிய வேண்டாம். கோலியஸ் நம் கற்பூரவல்லிக்குச் சொந்தக்காரன். அதே போலத் தண்டிலிருந்து எளிதாக வேர் விடும். நான்கு அங்குலத் தண்டில் அடி இலைகளை நீக்கி, நிழலில் ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் வந்துவிடும். தாய்ச்செடியின் நிறமும் மாறாது. இந்தக் கன்றுகளை முதல் நாளிலிருந்தே காலை வெயிலுக்குப் பழக்கலாம்.