மூன்று ஹோஸ்ட் விசானில் ஒன்றை மெயின்டனன்ஸில் போடும்போது டேட்டா எங்கே இருக்கிறது?

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.டி. பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று ஹோஸ்ட் (சர்வர்) உள்ள விஎம்வேர் விசான் கிளஸ்டர்; அவற்றின் டிஸ்க்குகளை விசான் ஒரே பொதுச் சேமிப்பாகச் சேர்க்கிறது. எல்லா விஎம்களுக்கும் (விர்ச்சுவல் மெஷின்) எஃப்டிடி 1, மிரர்; அதாவது ஒரு பழுதைத் தாங்கும்படி இரண்டு நகல். பதிப்பு 7-இலிருந்து 8-க்கு மாற்ற வேண்டும், கூடவே டிஸ்க் கன்ட்ரோலர் ஃபர்ம்வேரும் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு ஹோஸ்டாக மெயின்டனன்ஸ் மோடில் (வேலையிலிருந்து தற்காலிகமாக விலக்கி வைக்கும் நிலை) போட்டுச் செய்தால் டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார் சர்வர் விற்றவர். நம்பிச் செய்யலாமா?

பதில்: விஎம்கள் நிற்காமல் ஓடும் என்பது வரை அவர் சொன்னது சரி. டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது என்ற உறுதியை மூன்று ஹோஸ்டில் யாரும் கொடுக்க முடியாது.

உங்கள் அமைப்பில் ஒவ்வொரு விர்ச்சுவல் டிஸ்க்குக்கும் இரண்டு நகலும் ஒரு விட்னஸும் (டேட்டா இல்லாமல் வோட்டு மட்டும் போடும் சிறு பகுதி) உண்டு. மூன்றும் மூன்று ஹோஸ்டில் இருக்கும். பாதிக்கு மேல் வோட்டும் ஒரு முழு நகலும் கையில் இருந்தால்தான் விசான் அந்த டிஸ்க்கைத் திறந்து வைக்கும். ஒரு ஹோஸ்டை எடுத்துவிட்டால் மீதி இரண்டில் வேலை ஓடும், ஆனால் அதற்குமேல் எதையும் தாங்காது.

மெயின்டனன்ஸ் மோடில் மூன்று தேர்வுகள் வரும். ‘ஃபுல் டேட்டா மைக்ரேஷன்’ உங்களுக்கு நடக்காது. மிரர் அமைப்புக்கே மூன்று ஹோஸ்ட் வேண்டும், நகர்த்த நான்காவது இடமில்லை. ‘நோ டேட்டா மைக்ரேஷன்’ பக்கமே போகாதீர்கள். மிச்சம் ‘என்ஷ்யூர் ஆக்சஸிபிலிட்டி’. அது சீக்கிரம் முடிவதைப் பார்த்து எல்லாம் பத்திரமாக நகர்ந்துவிட்டது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். எஃப்டிடி 0 போட்ட டிஸ்க் ஏதாவது இருந்தால் அதை மட்டும் அது நகர்த்தும். மிரர் டிஸ்க்குகளின் நகல் அந்த ஹோஸ்டிலேயேதான் கிடக்கும்.

பெரிய ஆபத்து இதற்கு அடுத்துதான் வருகிறது. முதல் ஹோஸ்ட் வெளியே இருக்கும் நேரத்தில் லேப் ரிசல்ட், பில்லிங், மருந்துக் கணக்கு எல்லாம் இரண்டாவது ஹோஸ்டில் உள்ள நகலில் மட்டும் பதிவாகின்றன. இரண்டு பேரேடுகளில் ஒன்றை மேசையில் பூட்டிவிட்டு மற்றதில் மட்டும் எழுதுவது போல. அந்த இரண்டாவது நகல் போய்விட்டால், முதல் ஹோஸ்டைத் திரும்பக் கொண்டுவந்தாலும் அதில் இருப்பது பழைய நகல். விசான் அதை நடப்பு டேட்டாவாக ஏற்காது. பாதியில் நின்ற டேட்டாபேஸை ஓடவிடாமல் இருப்பதே நல்லது என்பதால் அது சரிதான். ஆனால் உங்களுக்கு விஎம் திறக்காது.

இரண்டாவது நகல் போக முழு ஹோஸ்டும் சாக வேண்டியதில்லை. பழைய டிஸ்க் குரூப் அமைப்பில் (ஒரு கேஷ் எஸ்எஸ்டியும் டேட்டா தங்கும் கெப்பாசிட்டி டிஸ்க்குகளும் சேர்ந்த தொகுதி) கேஷ் எஸ்எஸ்டி ஒன்று போனால் அந்தக் குரூப் முழுவதும் போகும். டீடூப்ளிகேஷன் (ஒரே டேட்டாவை இரண்டு முறை சேமிக்காத வசதி) போட்டிருந்தால் ஒரு கெப்பாசிட்டி டிஸ்க் போனாலே அதே கதி. ஹோஸ்டுக்கு ஒரே குரூப் என்றால், ஒரு எஸ்எஸ்டியின் ஆயுளில் மருத்துவமனையின் அன்றைய பதிவு முழுக்கத் தொங்குகிறது. வெளியே எடுத்த ஹோஸ்டில் விட்னஸ் மட்டும் இருந்த டிஸ்க்குகளுக்கு இவ்வளவு மோசமில்லை: வோட்டு குறைந்து விஎம் நிற்கலாம், ஆனால் நடப்பு நகல் ஒன்று உயிரோடு இருக்கும்.

ஆகவே புதிதாகப் பதிவாகும் டேட்டாவைக் குறைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். புறநோயாளிகள் இல்லாத ஞாயிறு பிற்பகலில் அப்ளிகேஷனை நிறுத்துங்கள், பிறகு பேக்கப் எடுங்கள். இந்த வரிசை முக்கியம். நிறுத்தியபின் எடுத்த பேக்கப்தான் கடைசி நிலை. அது விசான் டேட்டாஸ்டோரிலேயே இருக்கக் கூடாது. ஒரு விஎம்மையாவது வேறிடத்தில் ரீஸ்டோர் செய்து, திறந்து, நேற்றைய பில் வருகிறதா பாருங்கள். நிறுத்தவே முடியாத அவசரப் பிரிவுக்கு அந்தச் சில மணி நேரம் காகிதப் பதிவும் கூடவே ஓடட்டும்.

ஹோஸ்டுகளை நிர்வகிக்கும் விசென்டரை முதலில் 8-க்கு ஏற்றிய பிறகே ஹோஸ்டுகள். புதிய பதிப்பின் டிரைவரும் கன்ட்ரோலர் ஃபர்ம்வேரும் விசானின் வன்பொருள் பொருத்தப் பட்டியலில் ஒரே ஜோடியாக இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். விசானின் நிலையைக் காட்டும் ஸ்கைலைன் ஹெல்த்தில் டிஸ்க் சம்பந்தப்பட்ட மஞ்சள் எச்சரிக்கை ஒன்று இருந்தாலும் அன்று வேலையைத் தொடங்க வேண்டாம். அந்த டிஸ்க்கை மாற்றிவிட்டு வாருங்கள். ‘டேட்டா மைக்ரேஷன் ப்ரீ-செக்’கை மூன்று ஹோஸ்டுக்கும் ஓட்டிப் பாருங்கள். டிஆர்எஸ் (விஎம்களைத் தானாக நகர்த்தும் வசதி) இல்லாத லைசென்ஸ் என்றால் விஎம்களை நீங்களேதான் விமோஷனில், அதாவது ஓடும்போதே, வேறு ஹோஸ்டுக்கு நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் மெயின்டனன்ஸ் மோட் பணி நகராமல் நிற்கும். அப்படி நின்றால் பொறுமையிழந்து சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் கன்ட்ரோலரிலிருந்து ரீபூட் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் ஹோஸ்ட் மெயின்டனன்ஸிலிருந்து வெளியே வந்ததும் விஎம்கள் எல்லாம் பச்சையாகத் தெரியும். அதை நம்பி உடனே இரண்டாவதில் கை வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பழைய நகலைப் புதுப்பிக்கும் வேலையைக் காட்டும் ‘ரீசிங்கிங் ஆப்ஜெக்ட்ஸ்’ பக்கத்தில் மீதி பூஜ்யம் ஆக வேண்டும், ஆப்ஜெக்ட் ஹெல்த்தில் எல்லாம் ஹெல்த்தி என்று வர வேண்டும். அதுவரை முதல் ஹோஸ்டின் நகல் இன்னும் பழையதுதான். ஒரே நாளில் மூன்றையும் முடிக்க வேண்டிய கட்டாயமில்லை. ஞாயிறுக்கு ஒன்று என்று மூன்று வாரம் எடுத்துக்கொள்வது நல்லது; புதிய ஃபர்ம்வேரில் கோளாறு இருந்தால் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

60 நிமிட ரிப்பேர் டைமரைப் பற்றிப் பயமுறுத்துவார்கள்; காணாமல் போன நகலை வேறிடத்தில் மறுபடி கட்டத் தொடங்குமுன் விசான் காத்திருக்கும் நேரம் அது. மூன்று ஹோஸ்டில் மறுபடி கட்ட வேறு இடமே இல்லாததால் அது உங்களுக்குப் பெரிய விஷயமில்லை. நான்காவது ஹோஸ்ட் வாங்கினால் பொருட்படுத்த வேண்டும். இரண்டு முறை ரீபூட் ஆகும் வேலைக்கு முன் 120 ஆக்கிவிட்டு, முடிந்ததும் 60-க்குத் திருப்புங்கள். நான்காவது இருந்தால் 7.0 அப்டேட் 1 முதல் வந்த டியூரபிலிட்டி காம்போனென்ட்டும் பலன் தரும்; ஹோஸ்ட் வெளியே இருக்கும்போது வரும் புதுப் பதிவுகளின் இன்னொரு பிரதியை அது வேறு ஹோஸ்டில் வைக்கும். நிர்வாகத்திடம் பணம் கேட்க இதைவிட வலுவான காரணம் கிடையாது.

டெல்டாவுக்கென்று சில கவனங்கள் உண்டு. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்சாரத்தை நிறுத்தும் நாளையும் அதற்கு முந்தைய நாளையும் தவிருங்கள். யுபிஎஸ் பேட்டரியையும் ஜெனரேட்டரையும் லோடில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இந்த வேலையைப் பங்குனிக்கோ சித்திரைக்கோ தள்ளலாம். ஆதரவு ஒப்பந்தத்தில் நான்கு மணி நேரம் என்று எழுதியிருந்தாலும் அது கும்பகோணம் பின்கோடுக்குப் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேஷ் எஸ்எஸ்டி ஒன்றும் கெப்பாசிட்டி டிஸ்க் ஒன்றும் ஆபீஸ் அலமாரியிலேயே இருக்கட்டும்.

ஒரு ஹோஸ்ட் வெளியே இருக்கும்போதே இன்னொன்றில் டிஸ்க் போனால், முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ‘ரிமூவ் டிஸ்க் குரூப்’ கொடுக்கக் கூடாது, ஃபார்மட் செய்யக் கூடாது, அலமாரியில் இருக்கும் புது எஸ்எஸ்டியை அவசரமாகச் செருகிப் புதுக் குரூப் உருவாக்கக் கூடாது. நடப்பு நகல் அந்தக் குரூப்பில் மட்டும்தான் இருக்கிறது. கன்ட்ரோலரோ கேபிளோ காரணம் என்றால் அது திரும்பி வரவும் வாய்ப்புண்டு. வெளியே இருக்கும் ஹோஸ்டை மெயின்டனன்ஸிலிருந்து எடுத்து உள்ளே கொண்டுவாருங்கள், லாக் பண்டிலைச் சேமியுங்கள், உச்ச முன்னுரிமையில் சப்போர்ட் கேஸ் போடுங்கள். அவர்கள் அந்தக் குரூப் மீளாது என்று உறுதி சொன்னபிறகு பேக்கப்பைத் தொடுங்கள்.