நெதர்லாந்து கிராமப்புறத்தில் ஐந்து நாள் சைக்கிள் பயணம்: பயிற்சி இல்லாத குடும்பத்தால் முடியுமா?

கேள்வியின் சுருக்கம் இது. ஏப்ரல் கடைசியில் ஐந்து நாள் விடுமுறை. கணவன், மனைவி, பன்னிரண்டு வயதுப் பையன். மூவருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும், ஆனால் கடைக்கும் பள்ளிக்கும் போனதைத் தாண்டி ஓட்டியதில்லை. நெதர்லாந்தின் கிராமங்கள் வழியாகப் போக ஆசை, எப்படித் திட்டமிடுவது? இதற்கு ஏற்கெனவே ஒருவர், ஆறு மாதம் பயிற்சி எடுக்காமல் இறங்காதீர்கள், குடும்பத்தோடு என்றால் பேசாமல் கார் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டிருக்கிறார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

முடியும். என் மனைவி சைக்கிள் பழகியதே முப்பத்தேழாவது வயதில், நாங்கள் எய்ந்தோவனுக்குக் குடிவந்த பிறகு. அவர் டென் போஸிலிருந்து டேவென்டர் வரை ஐந்து நாளில் ஓட்டி முடித்தார். மகளுக்கு அப்போது பதிமூன்று வயது. நாளுக்கு 120 கி.மீ. ஓட்டுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கோபப்பட வேண்டாம், இது உங்களுக்கான பதில் இல்லை.

ஆனால் அதற்கு முந்தைய வருடம் நாங்கள் தோற்றுத் திரும்பினோம். தவறு முழுக்க என்னுடையது. கணினியில் உட்கார்ந்து அட்டவணை போட்டேன். நாடே தட்டை, மணிக்கு 15 கி.மீ. போனால் ஐந்து மணி நேரத்தில் 75 கி.மீ., பிறகு மாலை முழுக்க ஓய்வு என்று கணக்கு. நான்கு ராத்திரிக்கும் அறை பதிவு செய்து பணமும் கட்டியாகிவிட்டது. அமர்ஸ்ஃபோர்ட்டில் கிளம்பி முதல் நாள் லேலிஸ்டாட் போய்ச் சேர்ந்தோம், பின்காற்றில் பறந்தோம். அந்த வேகம் எங்கள் கால்களுடையது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் லேலிஸ்டாட்டிலிருந்து அல்மேரே. வலப்பக்கம் மார்கர்மேர் ஏரி, இடப்பக்கம் நாணல் காடு, நடுவில் நேராக ஓடும் கரைச்சாலை. 1968 வரை தண்ணீருக்கடியில் கிடந்த நிலம் அது. காற்றைத் தடுக்க அந்தச் சாலையோரத்தில் எதுவும் இல்லை. தென்மேற்கிலிருந்து காற்று முகத்தில் அறைந்தது. மணிக்கு எட்டு கி.மீ. தாண்டவில்லை. மகள் அழவில்லை, ஆனால் பேசுவதை நிறுத்திவிட்டாள். மனைவி ஓரிடத்தில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “இதுதான் நீங்க போட்ட திட்டமா?” என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அல்மேரேயில் ரயில் ஏறி வீட்டுக்கு வந்தோம். மீதி மூன்று ராத்திரிக்குக் கட்டிய பணத்தில் ஒரு யூரோகூடத் திரும்பவில்லை.

நெதர்லாந்தில் தூரத்தை வைத்துத் திட்டம் போடக்கூடாது, காற்றை வைத்துப் போட வேண்டும் என்று அன்றைக்குத்தான் கற்றேன். ஸேலாந்து மாகாணத்தில் ஓஸ்டர்ஸ்கெல்டே தடுப்பணை மேல் எதிர்காற்றில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே தேசியப் போட்டி நடத்துகிறார்கள். கியர் இல்லாத சாதாரண சைக்கிள், எட்டு கி.மீ.க்கு மேல் தூரம். அந்தப் போட்டிக்கு நிலையான தேதி கிடையாது. புயல்காற்று வரும் என்று வானிலை அறிக்கை சொன்னபிறகு, சில நாள் முன்னால்தான் அறிவிப்பார்கள். இந்த ஊர்க்காரர்களே காற்றைப் பார்த்துத் தேதி குறிக்கும்போது நான் இரண்டு மாதம் முன்பே குறித்தது எவ்வளவு பெரிய தப்பு!

சரி, இரண்டாவது தடவை என்ன செய்தோம்? இரண்டு முனையிலும் ரயில் நிலையம் இருக்கிற ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்தோம். எந்த முனையில் தொடங்குவது என்பதைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்புவரை முடிவு செய்யவே இல்லை. டென் போஸுக்கும் டேவென்டருக்கும் இடையே நேர் ரயில் உண்டு, அதனால் எங்கே தொடங்கினாலும் கவலையில்லை. இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுதான், அப்போது டென் போஸில் தொடங்கினால் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். ஆனால் நீங்கள் வருகிற வசந்த காலத்தில் வடகிழக்குக் காற்றும் அடிக்கடி வரும். வந்தால் அப்படியே பாதையைத் திருப்பிப் போட்டு டேவென்டரில் தொடங்குங்கள்.

முதல் நாள் லித் என்ற சின்ன ஊர் வரை போய், அங்கே படகில் மாஸ் ஆற்றைக் கடந்து, வாமலில் இன்னொரு படகில் வால் ஆற்றைக் கடந்து டீல் நகரம். முப்பது கி.மீ. சொச்சம்தான். இந்தப் படகுகள்தான் மகளுக்கு மிகவும் பிடித்தவை. சைக்கிளோடு ஏறி, சில்லறை கொடுத்து, நின்றபடியே அக்கரை. கிளம்பும் நேரத்தை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை நேரம் வேறாக இருக்கும்.

டீலைச் சுற்றியுள்ள பேட்டுவே பகுதி முழுக்கப் பழத்தோட்டம். ஏப்ரலில் ஆப்பிள், பேரி, செர்ரி மரங்கள் பூத்து நிற்கும். நீங்கள் வரும் மாதத்துக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பாதை பெரும்பாலும் ஆற்றுக்கரை மேலேயே வளைந்து வளைந்து போகும். ஒருபக்கம் கூரை நம் காலடி உயரத்தில் இருக்கும் வீடுகள், மறுபக்கம் ஆடு மேயும் படுகை. நான் கொள்ளிடக் கரையில் குரங்குப்பெடல் பழகியவன். கரை மேல் ஏறியதும் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

அன்று ராத்திரி நாங்கள் தங்கிய வீட்டு அம்மா 1995 பற்றிச் சொன்னார். அந்த ஜனவரி கடைசியில் ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓட, இந்தப் பகுதியிலிருந்து சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றினார்கள். கரை உடையவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு ஆற்றுக்கு இடம் விட வேண்டும் என்று பல இடங்களில் கரையையே உள்ளே தள்ளிக் கட்டினார்கள். சாலை ஏன் இப்படி வளைகிறது என்று கேட்ட மகளுக்கு அந்த அம்மா மேஜை மேல் உப்புக் குப்பியையும் கரண்டியையும் வைத்து விளக்கினார். ஓட்டலில் தங்கியிருந்தால் இது கிடைத்திருக்காது.

அந்த வீடு எப்படிக் கிடைத்தது என்றால், ‘ஃப்ரீண்டன் ஓப் டெ ஃபீட்ஸ்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. சைக்கிள் நண்பர்கள் என்று பொருள். 1984இல் தொடங்கியது. ஆண்டுச் சந்தா மிகவும் குறைவு. உறுப்பினரானால் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான வீடுகளின் முகவரி கிடைக்கும். தலைக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம், படுக்கையும் காலை உணவும் உண்டு. சைக்கிளிலோ நடந்தோதான் வர வேண்டும், காரில் வந்தால் இடமில்லை. ஒன்றிரண்டு நாள் முன்பு போன் செய்து கேட்டால் போதும், மூன்று பேர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு வீட்டில் இடமில்லையென்றால் அடுத்த ஊரில் இருக்கும். காற்றுக்கு ஏற்பத் திட்டத்தை மாற்ற முடிந்தது இதனால்தான். முன்பின் தெரியாதவர் வீட்டில் குழந்தையோடு தங்குவதா என்று கேட்பீர்கள். எங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது, முதல் வீட்டின் காலை உணவோடு போய்விட்டது. உங்களுக்குச் சரிப்படவில்லையென்றால் ஓட்டல் எடுங்கள், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்து எடுங்கள்.

இரண்டாம் நாள் தோட்டங்கள் வழியே நேடர்ரைன் ஆற்றங்கரை, மறுபடி ஒரு படகு, அக்கரையில் வாகெனிங்கன். விவசாயப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். நம் எம்.எஸ். சுவாமிநாதன் 1949இல் யுனெஸ்கோ உதவித்தொகையில் வந்து உருளைக்கிழங்கு மரபியல் படித்தது இங்கேதான். அதைச் சொன்னதும் மகள் ஊரையே வேறு கண்ணோடு பார்த்தாள். மூன்றாம் நாள் இருபதே கி.மீ., ஓட்டர்லோ. வேண்டுமென்றே குறைத்தேன். அங்கே ஹோகே வேலுவே தேசியப் பூங்கா இருக்கிறது, அதற்கு அரை நாளாவது வேண்டும். காடு, மணல்மேடு, நடுவில் வான்கோ ஓவியங்கள் நிறைந்த அருங்காட்சியகம். உள்ளே சுற்ற வெள்ளைச் சைக்கிள்களைச் சும்மாவே தருகிறார்கள். நான்காம் நாள்தான் நீளம், ஐம்பது கி.மீ.க்குக் கிட்டே. காட்டு வழியில் மேடும் உண்டு. பிரோங்கோர்ஸ்ட் படகில் ஐசல் ஆற்றைக் கடந்து சுட்ஃபன். கடைசி நாள் ஆற்றோரமாக டேவென்டர்.

வழி தவறுமோ என்று பயப்பட வேண்டாம். சாலை சந்திப்புகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள், க்னோப்புன்ட் என்று பெயர். வெள்ளைப் பலகையில் பச்சை எண். 23, 24, 61, 60 என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் அதுவே வரைபடம். பெல்ஜியத்தில் ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் யோசித்தது இது. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வழி காட்ட சந்திப்புகளுக்கு எண் போடுவார்களாம், அதையே மேலே கொண்டுவந்துவிட்டார். 1995இல் அங்கே தொடங்கி இங்கேயும் பரவியது. ஒரே எண் வேறு வட்டாரத்தில் திரும்பவும் வரும், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் அபராதம், 2019 ஜூலையிலிருந்து அது சட்டம். துண்டுத்தாள்தான் நல்லது.

சைக்கிள் வாடகைக்கு எடுக்கும்போது பிரேக்கைக் கேளுங்கள். பலவற்றில் கையில் பிரேக் இருக்காது, பெடலைப் பின்னால் மிதித்தால்தான் நிற்கும். நாம் சும்மா பெடலைப் பின்னால் சுற்றிப் பழகியவர்கள். நடுத்தெருவில் சடக்கென்று நின்றுவிடும். அரை மணி நேரம் காலியான இடத்தில் பழகிவிட்டுக் கிளம்புங்கள். என் மனைவிக்கு இரண்டாவது பயணத்தில் மின்சைக்கிள் எடுத்தோம். அது ஏமாற்று வேலை என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு: முழங்கால் அவருடையது. அவர் முன்னால் போக நாங்கள் பின்னால் போனோம், ஐந்து நாளும் சிரித்துக்கொண்டிருந்தார்.

டயருக்குக் காற்றடிக்கும் வால்வு நம் ஊர்ச் சைக்கிளில் இருக்கும் அதே வகைதான். உள்ளே வால் டியூப் ரப்பர் இப்போது இருப்பதில்லை, ஆனால் மேலே திருகும் நட்டு அப்படியே. சுட்ஃபனில் பஞ்சர் ஒட்டும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டேன். இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, பொறுத்துக்கொள்ளுங்கள். என் அப்பா பள்ளி ஆசிரியர். முப்பத்தொரு வருடம் ஒரே கறுப்புச் சைக்கிளில் கொள்ளிடக் கரை வழியே வேலைக்குப் போனவர். அவர் போனபிறகு அந்தச் சைக்கிளைச் சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தூண் ஓரமாக, துணி போட்டு மூடி வைத்திருந்தேன். பயன்படாத வண்டிகளை அகற்றப்போகிறோம், பதினைந்து நாள் அவகாசம் என்று குடியிருப்போர் சங்கத்திலிருந்து வாட்ஸப்பில் வந்தது. மூன்றாம் நாளே பதில் போட்டேன், வேண்டும், தொடாதீர்கள் என்று. அடுத்த மாதம் ஊருக்குப் போனால் தூண் ஓரம் காலி. பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டார்கள். “துருப்பிடிச்ச சைக்கிள்தானே சார்” என்றார் சங்கத்துக்காரர். நான்கு டயரும் இறங்கிப்போன ஒரு கார் அதே தளத்தில் வருடக்கணக்காக நிற்கிறது, அதை யாரும் தொடவில்லை. ‘குடும்பத்தோடு என்றால் கார் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பதைப் படித்ததும் எனக்கு ஏன் அப்படித் தைத்தது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

மறுபடி கேள்விக்கு. நாளுக்கு 35 கி.மீ. போதும், ஒரே ஒரு நாள் 50 இருக்கலாம். மழைச்சட்டை கட்டாயம், பாயன்ராடார் செயலியில் அடுத்த இரண்டு மணி நேர மழை தெரியும், மரத்தடியில் இருபது நிமிடம் நின்றால் பெரும்பாலும் கடந்துவிடும். சைவம் என்றால் சீஸ் ரொட்டி, பான்கேக், உருளை வறுவல், இவைதான் வழியில் கிடைக்கும். நாங்கள் முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனோம். ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக் கடைகள் பல மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

ரயிலில் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். வேலைநாட்களில் காலை 6.30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் ஏற்ற விடமாட்டார்கள், ஜூலை, ஆகஸ்ட் மட்டும் விதிவிலக்கு. ஏப்ரல் 27 மன்னர் பிறந்தநாள். அன்று ரயிலில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது, அதனால் உங்கள் ஐந்து நாளில் முதல் நாளோ கடைசி நாளோ 27ஆம் தேதியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் விழுந்தால் நல்லது, அன்று ஏதாவது ஒரு சின்ன ஊரில் இருங்கள், குழந்தைகள் தெருவில் பழைய விளையாட்டுப் பொருட்களைப் பரப்பி விற்பார்கள், பையனுக்குப் பிடிக்கும்.