நாலு பேர், ஒரு குட்டி வண்டி, ஆறு மணி நேரம்

சின்ன பைக்கில் எண்டூரன்ஸ் ரேஸ், அதாவது ஒரே வண்டியை ஒரு டீம் மாற்றி மாற்றி மணிக்கணக்கில் ஓட்டுகிற பந்தயம், ஓட்டிய கதையைப் போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கே இத்தனை கேள்விகள். இந்த வாரம் முழுக்க அதுதான்.

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து 125 சிசி வண்டியில் 6 மணி நேர ரேஸுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். எங்களில் ஒருவன் மற்றவர்களைவிட லேப்புக்கு (பாதையை ஒரு சுற்று சுற்ற) 2 நொடி வேகம். அவனைக் கூடுதல் நேரம் ஓட்ட விடலாமா?

பதில்: வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லேப் 70 நொடி என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 51 லேப், அவனுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தால் லாபம் 102 நொடி, அதாவது ஒன்றரை லேப்கூட இல்லை. அதே ஆள் களைத்துப்போய் ஒரு தடவை விழுந்து, லீவர் மாற்றி, வளைந்த ஹேண்டில்பாரை நிமிர்த்தி, கால் வைக்கிற ஃபுட்பெக்கைச் சரிசெய்து வண்டியைத் திரும்ப அனுப்பப் பத்து நிமிடம் ஆனால் எட்டு லேப்புக்கு மேல் போச்சு.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், எங்கள் டீமில் அந்த வேகக்காரன் நான்தான். காலையில் எந்த வளைவில் மற்றவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தேனோ அதே வளைவில் நாலாவது மணி நேரத்தில் சறுக்கி விழுந்தேன். கிளட்ச் லீவர் முறிந்தது. மாற்று லீவர் இருந்தது, வேனுக்குள். வேன் சாவி இருந்தது, என் ரேஸிங் சூட்டுக்குள்ளேயே, நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். எங்களில் மெதுவாக ஓட்டுகிறவர் அன்றைக்கு ஒரு தடவைகூட விழவில்லை, எங்களுக்குக் கிடைத்த இடம் அவர் புண்ணியம்.

கேள்வி: பத்துக் குதிரைசக்தி வண்டியில் என்ன சார் ரேஸ்? பொம்மை மாதிரி இருக்கிறது.

பதில்: பெரிய வண்டியில் வளைவில் தப்புப் பண்ணினால் இன்ஜின் காப்பாற்றிவிடும், முறுக்கினால் போய்விடும். இதில் அது நடக்காது. வளைவுக்கு முன்னால் தேவைக்குமேல் கொஞ்சம் பிரேக் பிடித்தீர்களானால், விட்ட வேகத்தைத் திரும்பச் சேர்க்க அடுத்த நேர்ப்பாதை முழுக்க வேண்டும். அதனால் நாடியை டேங்கில் பதித்துக் குனிந்துகொண்டு, முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னால் காற்று மறைவில் ஒட்டிப் போய், கடைசி நிமிடத்தில் விலகி முந்துவதுதான் ஆட்டமே. இன்னொன்று, வண்டி எடையே சுமார் 100 கிலோதான். 60 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் வித்தியாசம் நேர்ப்பாதையில் அப்பட்டமாகத் தெரியும். (நான் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்.)

கேள்வி: சனிக்கிழமை பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ரேஸ். சனிக்கிழமை எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: எல்லோரும் லேப் நேரத்தைக் கவனிப்பார்கள். நீங்கள் பெட்ரோலைக் கவனியுங்கள். டேங்கை விளிம்புவரை நிரப்பி, ரேஸ் வேகத்திலேயே சரியாக 20 நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, அளவு ஜாடியால் திரும்ப விளிம்புவரை ஊற்றுங்கள். ஊற்றியது எவ்வளவோ அதுதான் செலவு. ரோட்டில் கொடுக்கிற மைலேஜை நம்பிக் கணக்குப் போட்டால் நடுப்பாதையில் நிற்பீர்கள், ஏனென்றால் இங்கே ஆக்சிலேட்டர் பெரும்பாலும் முழுசாகத் திறந்தே இருக்கும். 20 நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று வந்தால் 5.5 லிட்டர் டேங்க் 110 நிமிடம் தாங்கும், கையிருப்பு கொஞ்சம் விட்டு 90 நிமிடம் என்று வையுங்கள். ஆளுக்கு 45 நிமிடம், நாலு பேரும் இரண்டு முறை, கச்சிதமாக 6 மணி நேரம். ஏழு தடவை ஆள் மாற்றம், அதில் ஒன்று விட்டு ஒன்றில், அதாவது மூன்றில் மட்டும் பெட்ரோல்.

ஆயிலையும் மறக்காதீர்கள். இந்த இன்ஜின்களில் ஒரு லிட்டர் அளவுதான் ஆயில், ஆறு மணி நேரம் வதக்கினால் கொஞ்சம் குடிக்கும், பெட்ரோல் போடும்போதெல்லாம் அளவு பார்க்க வேண்டும். ஆயிலை வடிக்கிற டிரெய்ன் போல்ட்டிலும் ஆயில் மூடியிலும் துளை போட்டு, கழன்றுவிடாமல் கம்பி கட்டச் சொல்வார்கள். சலித்துக்கொள்ளாமல் கட்டுங்கள், உங்கள் வண்டியிலிருந்து சொட்டுகிற ஆயிலில் விழப்போவது பின்னால் வருகிறவன். டயரில் காற்றைக் காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது ஒரு தடவையும், ஓட்டிவிட்டு வந்ததும் சூடாக ஒரு தடவையும் அளந்து குறித்து வையுங்கள். செயின் புதுசு என்றால் சனிக்கிழமையே தளர்ந்துவிடும், அன்று ராத்திரி திரும்ப இறுக்குங்கள். ஆக்சிலேட்டர் கேபிள் ஒன்றை உபரியாக, பழையதன் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டி வைத்துவிட்டால் அறுந்தால் முனைகளை மட்டும் மாட்டினால் போதும்.

அப்புறம் தூங்குங்கள். விடிய விடிய ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தவனுக்கு முதல் வாய்ப்பு கொடுக்காதீர்கள்.

கேள்வி: கொடிகளில் எதை முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும்?

பதில்: எல்லாவற்றையும். மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ரேஸ் நிறுத்தம். மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் பாதை வழுக்கும். புதுசாக ஓட்டுகிறவர்கள் கோட்டைவிடுவது கறுப்பில் ஆரஞ்சு வட்டம் போட்ட கொடியை. உங்கள் எண்ணோடு அது காட்டப்பட்டால் உங்கள் வண்டியில் ஏதோ ஒழுகுகிறது அல்லது தொங்குகிறது, மற்றவர்கள் வழியை விட்டு ஒதுங்கிப் பாதையைவிட்டு வெளியேற வேண்டும். "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்று இன்னொரு லேப் போகக் கூடாது.

கேள்வி: இந்த மாதிரி ரேஸை யார் ஆரம்பித்தது?

பதில்: பழைய கதை. பிரான்சில் 'போல் டோர்' என்கிற 24 மணி நேர ரேஸ் 1922-லேயே தொடங்கிவிட்டது. அப்போதெல்லாம் ஒரே ஆள் ஒரு நாள் முழுக்க ஓட்ட வேண்டும், ஆள் மாற்றம் கிடையாது. முதல் வருஷம் ஜெயித்தவர் ஓட்டிய தூரம் 1,200 கிலோமீட்டரைத் தாண்டியது. 45 நிமிடத்துக்கே முன்னங்கை விறைத்துப்போய் பிரேக் லீவரை விரல் பிடிக்காத நான் அதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஜப்பானில் சுஸூகா 8 மணி நேர ரேஸ் 1978-ல் வந்தது.

கேள்வி: பெட்ரோல் போடும்போது வண்டியில் உட்கார்ந்தே இருந்தால் நேரம் மிச்சமாகுமே?

பதில்: கூடாது. இன்ஜினை அணைத்து, ஆள் இறங்கி, ஒருவர் தீயணைப்பானைக் கையில் தயாராகப் பிடித்து நின்ற பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். மிச்சம் பிடிக்க வேறு இடம் இருக்கிறது. அடுத்து ஓட்டுகிறவன் ஹெல்மெட், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் முன்னாடியே நிற்கட்டும்.

கேள்வி: என் மகனும் அவன் நண்பர்களும் இதில் ஓட்டப் போகிறார்கள். "நீயும் வாம்மா" என்கிறான். எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது, அங்கே போய் நான் என்ன செய்வது?

பதில்: கட்டாயம் போங்கள் அம்மா, அவர்களுக்கு வேண்டிய ஆளே நீங்கள்தான். ஓட்டுகிற நாலு பேருக்கும் அடுத்து எப்போது ஏறுவோம் என்ற ஒரே நினைப்புத்தான் இருக்கும். யார் எப்போது ஏறினார்கள், எப்போது இறங்கினார்கள், பெட்ரோல் எவ்வளவு போட்டார்கள், ஆயில் பார்த்தார்களா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இறங்குகிறவன் கையில் முதலில் தண்ணீரைக் கொடுங்கள், தாகமில்லை என்பான், நம்பாதீர்கள். வேன் சாவி உங்களிடமே இருக்கட்டும். பேனா வேண்டாம், மழை வந்தால் மை கரைந்துவிடும், பென்சில் எடுத்துப் போங்கள்.