கொள்முதல் நிலையத்து வாசலில் பார்த்த பறக்கும் தட்டு

கேள்வி: வானத்தில் விளக்குகள் ரயில் மாதிரி வரிசையாக நகர்ந்ததைப் பார்த்தேன். பறக்கும் தட்டாக இருக்குமோ?

இல்லை, ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். இணையச் சேவைக்காக ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் கொத்துக் கொத்தாக ஏவுகிறவை. மொட்டை மாடியில் நின்று பார்த்திருப்பீர்கள், கீழே வந்து சொல்லி வீட்டாரிடம் கேலி வாங்கியிருப்பீர்கள். நான் வாங்கியதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

எனக்கு மன்னார்குடிப் பக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். பூமியின் ஈர்ப்பை விட்டு வெளியேறத் தேவையான விடுபடு திசைவேகம் நொடிக்கு 11.2 கிலோமீட்டர் என்று வருடா வருடம் ஒப்பிக்கிற ஆள். அதனால்தான் அடி பலமாக விழுந்தது.

சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு, சித்தப்பாவும் நானும் காவலுக்குப் படுத்திருந்தோம். ஆறாவது ராத்திரி. விடியற்காலை ஐந்தேகால் இருக்கும். படுதாவில் தேங்கிய பனித்தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்த சித்தப்பா, "டேய், மேல ரயில் போவுதுடா" என்றார். உச்சிக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு புள்ளி முளைத்தது. அதே இடத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. சத்தம் கிடையாது. விமானம் என்றால் சிவப்பும் வெள்ளையுமாக மினுக்குமே! கை நடுங்க வீடியோ எடுத்தேன், மூன்று புள்ளிதான் விழுந்தது. "இது மனிதன் செய்ததல்ல" என்று ஸ்டேட்டஸ் வேறு வைத்துத் தொலைத்தேன். எட்டு மணிக்குள் என்னிடம் படிக்கிற பையனே பதில் போட்டான்: "சார், ஸ்டார்லிங்க் சார்."

ஏவிய முதல் சில நாட்கள் அவை ஒட்டி ஒட்டிப் போகும். பிறகு சுமார் 480 முதல் 550 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறி விலகிவிடும். நமக்கு இருட்டாக இருக்கும்போதே அங்கே வெயில் பட்டுவிடுவதால், பூமியின் நிழலைத் தாண்டுகிற இடத்தில் ஒவ்வொன்றாகத் தெரியும். சாயங்காலம் என்றால் தலைகீழ், நடுவானில் ஒவ்வொன்றாக அணையும்.

இயற்பியல் வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்க வருகிறவர்களுக்கு: 2019 மே மாதத்தில் முதல் தொகுதியாக 60 ஸ்டார்லிங்க் போனபோது நெதர்லாந்துக்காரர்களே பறக்கும் தட்டு என்று தகவல் சொல்லிக் குவித்தார்கள். நானாவது ஆறு ராத்திரி தூங்காதவன்.

ஏன் ஆறு ராத்திரி? நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். பகலெல்லாம் கிளறிக் காயவைத்து 16-க்குக் கொண்டுவந்தால், ராத்திரிப் பனி 19 ஆக்கிவிடும். நெல் காய்ந்த அன்று சாக்கு இருக்காது. சாக்கு வந்த அன்று லாரி இல்லை என்பார்கள். சிப்பத்துக்கு, அதாவது மூட்டைக்கு, இவ்வளவு என்று தனியாகக் கொடுத்தவர் நெல் மட்டும் எந்தப் பனியிலும் நனையாது. இதற்கு எந்த இயற்பியலில் விளக்கம் இருக்கிறது?

ஒன்பதாம் நாள்தான் எடை போட்டார்கள். பிள்ளைகளுக்கு நான் இப்போது 'தட்டு சார்'. சித்தப்பாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், ரயில்தான் என்கிறார். இருபத்திரண்டு பெட்டி எண்ணினாராம்.