குரங்குக்கு வாழைப்பழம் குடுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஞாயித்துக்கிழமை ஆனா குடும்பத்தோட இங்க சிங்கப்பூர்ல மெக்ரிட்சி காட்டுக்குள்ள நடக்கப் போவோம். மாமியார் தவறாம ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக்குவாங்க, குரங்குக்குப் போட்டா ஆஞ்சநேயருக்கே குடுத்த மாதிரியாம். பசங்க ஆரஞ்சுத் தோல உரிச்சு புதர்ல வீசுறாங்க, கேட்டா "மக்கிப் போறதுதானே"ன்னு வீட்டுக்காரர் சொல்றாரு. நான்தான் சின்ன விஷயத்தப் பெருசாக்குறேனா? – ஈசூன் வாசகி

பதில்: இல்லம்மா, நீங்க சொல்றதுதான் சரி. மாமியார் மனசு நல்ல மனசு, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்தப் பழம் குரங்குக்கு நல்லது பண்ணல. அந்த நீள்வால் குரங்குக்குக் காட்டுலயே அத்திப்பழம், இலை, பூச்சின்னு சாப்பாடு இருக்கு, அது பழத்தத் தின்னுட்டு அங்கங்க விதையத் துப்புறதுலதான் புது மரமும் முளைக்குது. நாம குடுத்துப் பழக்கிட்டா அது காட்ட விட்டுட்டு பாதையோரமா வந்து உக்காந்துக்கும், அப்புறம் ரோடு, கார், அடிபட்டுச் சாவு. போன மாசம் நானே பாத்தேன், ஒரு சின்னப் பையன் கையில செவப்பு பிளாஸ்டிக் பை, உள்ள வெறும் தண்ணி பாட்டில்தான், பை சரசரன்னு சத்தம் போட்ட உடனே ஒரு தாய்க் குரங்கு குட்டிய வயித்துல தொங்க விட்டுக்கிட்டே ஓடி வந்து பையப் பிடிச்சு இழுத்துச்சு, பையன் அலறிட்டான். பைன்னா சாப்பாடுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு, நாமதானே.

சட்டமும் இருக்கு. 2020 ஜூன்ல இருந்து காட்டு விலங்குக்குத் தீனி போட்டா மொதத் தடவையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் அபராதம், திரும்பவும் மாட்டுனா 10,000 வரைக்கும். ஆனா மாமியார்கிட்ட அபராதத்தச் சொல்லி பயமுறுத்த வேணாம், குட்டி ரோட்டுல அடிபடும்னு சொல்லுங்க, அது அவங்களுக்குப் புரியும். அந்தப் பழக் காச கோயில் அன்னதானத்துக்குக் குடுத்துட்டா புண்ணியத்துக்கும் குறைவில்ல.

ஆரஞ்சுத் தோல் மக்கும்தான், ஆனா மக்குறதுக்கு முன்னாடி அந்த வாசம் குரங்கப் பாதைக்கு இழுக்கும், அதுவும் தீனி போட்ட மாதிரிதான் ஆயிடுது. ஒரு டப்பா எடுத்துட்டுப் போங்க, தோல், கொட்டை, டிஷ்யூ எல்லாம் அதுல போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துடுங்க.

நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன், ஏன்னா எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது. மழை பெஞ்ச மறுநாள் பாதையில சேறு நிக்கும், ஷூ அழுக்காயிடும்னு எல்லாரும் ஓரமா புல்லு மேல ஏறிப் போறாங்க, நாலு நாள்ல அந்த ஓரமும் சேறாகும், அப்புறம் அதுக்கும் ஓரம், இப்படியே ஒரு ஆள் போற பாதை நாலு ஆள் போற அகலத்துக்கு வந்துடுது. மிதிபட்ட மண்ணு சிமெண்ட் மாதிரி இறுகிப் போயி தண்ணி உள்ள இறங்காது, வேர் வெளிய தெரியும், சின்னக் கன்னு ஒண்ணுகூட முளைக்காது. புக்கிட் தீமா மொத்தமே 163 மீட்டர் குன்று, அதுல ஏறுன கூட்டத்துல பாதையெல்லாம் தேஞ்சு, சரிவையும் பலப்படுத்த வேண்டி வந்து, 2014 செப்டம்பர்ல மூடி வேலை பாத்து 2016 அக்டோபர்லதான் முழுசாத் திறந்தாங்க. அதனால சேத்துல நடுவுலயே நடங்க, ஷூவ வீட்டுல கழுவிக்கலாம். கெளம்பறப்பவும் ஷூ அடிய ஒரு பிரஷ் போட்டுத் தேய்ச்சிடுங்க, ஒரு எடத்து விதை மண்ணோட ஒட்டிக்கிட்டு இன்னொரு காட்டுக்குப் போயிடும். வெப்பமண்டல அமெரிக்காவுல இருந்து வந்த கோஸ்டர்ஸ் கர்ஸ்ங்கிற செடி ஏற்கனவே நம்ம காட்டுக்குள்ள பரவிக் கெடக்கு.

கேள்வி: நடக்குறப்ப ப்ளூடூத் ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்கலாமா? – ஜூரோங் வாசகர்

பதில்: வேணாம் தம்பி. பறவைங்க ஜோடி தேடுறதும் ஆபத்துன்னு எச்சரிக்கை பண்றதும் குரல வெச்சுத்தான். பூலாவ் உபின் தீவுல ஸ்ட்ரா ஹெடட் புல்புல்னு ஒரு பறவை இருக்கு, தமிழ்ல சின்னான்னு சொல்ற குருவியோட சாதி, பாடுற அழகுக்காகவே கூண்டுல அடைக்கப் பிடிச்சுப் பிடிச்சு மத்த நாடுகள்ல அழிவு விளிம்புக்கு வந்துடுச்சு, உலகத்துலயே அது நல்லா மிஞ்சியிருக்குற எடங்கள்ல சிங்கப்பூரும் ஒண்ணு. காலைல சீக்கிரம் போட் பிடிச்சுப் போங்க, ஸ்பீக்கர பையிலயே வெச்சுட்டு ஒரு பத்து நிமிஷம் சும்மா நில்லுங்க, பாட்டு தானா வரும்.