14,000 பவுண்டு டிரெய்லர்ல 14,000 பவுண்டு ஏத்தலாமா? கூஸ்நெக் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். ஸ்கிட் ஸ்டியர் (சின்ன லோடர் மெஷின்) ஒண்ணு வச்சு மண்வேலை பண்றேன், பக்கெட், அட்டாச்மென்ட் எல்லாம் சேர்த்து 9,800 பவுண்டு வருது. கூஸ்நெக் (கழுத்து மாதிரி வளைஞ்சு பிக்கப் பெட்டுக்குள்ள மாட்டுற டிரெய்லர்) பாக்கப் போன இடத்துல 32 அடி, 14,000 பவுண்டு, அலாய் வீல், டூல்பாக்ஸ்னு ஒண்ணைக் காட்டி உங்க மெஷினுக்கு இது தாராளம்ங்கறாங்க. என் பிக்கப் கதவு ஸ்டிக்கர்ல பேலோடு, அதாவது வண்டி மேல ஏத்தக்கூடிய எடை, 3,900 பவுண்டுன்னு போட்டிருக்கு. எடுத்துரலாமா?

பதில்: வேணாம் தம்பி. அந்த 14,000 நீங்க ஏத்துற லோடு இல்ல, டிரெய்லரோட சொந்த எடையையும் சேர்த்த மொத்தக் கணக்கு. பிளேட்டுல ஜி.வி.டபிள்யூ.ஆர்.னு இருக்கும் பாருங்க, அதான். காலி டிரெய்லர் 7,000 வருதுன்னு வைங்க, 32 அடின்னா அந்தப் பக்கம் தான் வரும், மிச்சம் 7,000 தான் ஏத்த முடியும், உங்க மெஷின் ஏறுன அன்னைக்கே 2,800 ஓவர். தாராளம்னு சொன்னவர் எதைக் கூட்டுனாரோ தெரியல.

முதல்ல நீளத்தைக் குறைங்க. ஸ்கிட் ஸ்டியருக்கு எதுக்கு 32 அடி? என்னைக்காவது தேவைப்படும்னு வாங்குற ஒவ்வொரு அடியும் இரும்பு, அதையும் சேர்த்து தான் தினமும் இழுக்கணும். 22 அடி, ரெண்டு 8,000 பவுண்டு ஆக்ஸில், மொத்த ரேட்டிங் 16,000ன்னு தேடுங்க. காலி எடை 6,000ன்னா லோடோட 15,800. ரேட்டிங்கை ஒட்டி தான் நிக்குது, ஆனா கூஸ்நெக்ல 20ல இருந்து 25 சதவீதம் கழுத்து வழியா பிக்கப் மேல இறங்கிரும்கிறதால ஆக்ஸில் மேல 12,600 கிட்ட தான் வரும், அங்க பயம் இல்ல.

பயம் பிக்கப்ல தான். 15,800ல 20 சதவீதம் 3,160, 25 சதவீதம் 3,950. உங்க 3,900ல நீங்களும் கூட வர்ற ஆளும் டூல்ஸும் ஹிட்ச்சும் ஒரு 600ஐ எடுத்துட்டா 3,300 தான் கையில. அதாவது மெஷினை எங்க நிறுத்துறீங்கங்கறதுல தான் எல்லாம் இருக்கு, ரெண்டடி முன்னாடி போனா பிக்கப்போட பின் ஆக்ஸில் அமுங்கும், ரொம்பப் பின்னாடி தள்ளுனா வால் ஆட ஆரம்பிக்கும். முதல் தடவை லோடோட எடைமேடையில ஏத்தி பிக்கப் எடையைத் தனியா, டிரெய்லர் ஆக்ஸிலைத் தனியாப் பாத்துட்டு, மெஷின் நின்ன இடத்துல பலகையில பெயின்ட் கோடு போட்டு வச்சுருங்க.

இன்னொண்ணு, அமெரிக்காவுல தொழிலுக்கு ஓட்டுறீங்கன்னா பிக்கப், டிரெய்லர் ரெண்டு ரேட்டிங்கும் சேர்ந்து 26,001 பவுண்டைத் தொட்டு, டிரெய்லர் மட்டும் 10,000க்கு மேல இருந்தா கிளாஸ் ஏ சி.டி.எல்., அதாவது தொழிலுக்கு கனரக வண்டி ஓட்டுற லைசென்ஸ், வேணும். 12,000 பிக்கப்போட 16,000 டிரெய்லர் சேந்தா 28,000, வாங்குறதுக்கு முன்னாடியே யோசிங்க.

அலாய் வீல் காசை ஜாக்ல (டிரெய்லர் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்துற கால்) போடுங்க, நிஜமாத்தான் சொல்றேன். ஒத்தை ஜாக், ஒரே ஸ்பீடுன்னா லோடோட தூக்கும்போது கைப்பிடியை சுத்திச் சுத்தி தோள்பட்டை கழண்டுரும், மழையில இன்னும் மோசம். ரெண்டு கால், ரெண்டு ஸ்பீடு கியர் இருக்கறதைக் கேளுங்க, காலியா இறக்க வேகமானது, லோடு தூக்க மெதுவானது. அப்புறம் எல்லா சக்கரத்துலயும் பிரேக், கழண்டு போனா தானா பிடிக்கிற பிரேக்அவே சுவிட்ச், அதுக்கு உயிரோட இருக்குற பேட்டரி. ஸ்டெப்னி இல்லாம வெளிய எடுக்காதீங்க.

கேள்வி: தரை பலகையா, இரும்பா?

பதில்: மண்வேலைன்னா பலகை. சேறு ஒட்டுன டிராக் இரும்புத் தகட்டுல வழுக்கும், பலகை உடைஞ்சா ஒண்ணை மட்டும் மாத்திக்கலாம்.

கேள்வி: பின்னாடி தொட்டி குட்டையா இருக்குற ஷார்ட் பெட் பிக்கப் அண்ணே. கூஸ்நெக் சரிப்படுமா? பழைய டிரெய்லர் ஒண்ணும் புது பெயின்ட்டோட கிடைக்குது.

பதில்: சரிப்படும், ஆனா ஒடிச்சுத் திருப்பும்போது டிரெய்லர் முன் மூலை கேபின் கண்ணாடியைத் தேடி வரும். வாங்குறதுக்கு முன்னாடி மாட்டி, காலி மைதானத்துல ஒருத்தரை வெளிய நிக்க வச்சு மெதுவா ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பாருங்க, கழுத்துக்கும் பெட் ஓரத்துக்கும் நடுவுல ஆறு இஞ்சாவது இருக்கணும், இல்லன்னா மேடு ஏறும்போது இடிக்கும். பால் (டிரெய்லரை மாட்டுற இரும்புக் குண்டு) சைஸும் கேளுங்க, பெரும்பாலும் 2-5/16 இஞ்ச், பெருசுல 3 இஞ்சும் உண்டு.

பழசுன்னா புது பெயின்ட்டைப் பாத்தாலே எனக்கு சந்தேகம் தான் வரும். கழுத்து ஃபிரேமோட சேர்ற மூலைக்குக் கீழ படுத்து, டார்ச் அடிச்சு, வெல்டிங் ஓரத்துல விரலை ஓட்டுங்க, முடி மாதிரி கீறல் இருக்கான்னு பாருங்க. டயர் பக்கச் சுவர்ல டி.ஓ.டி. எழுத்துக் கடைசியில நாலு எண் இருக்கும், 2318னா 2018ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. பட்டன் தேயாம பளபளன்னு இருந்தாலும் அதை விலையில கழிச்சுட்டுப் பேசுங்க, ஏன்னா வயசான அந்த செட்டை எப்படியும் மாத்தத்தான் போறீங்க. மாத்துன பிறகு முதல் 50 மைலுக்குள்ள வீல் நட்டை டார்க் ரெஞ்சு போட்டு ஒரு தடவை இறுக்கிப் பாத்துருங்க, லூஸாகும்.